அக்கரை எஃப்.எம். பிடிக்க அக்கா சொல்லும் டிப்ஸ்

வேதாரண்யத்துக்கு வீடு மாறிப் போனதும் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியும் இல்லை, வாடகையைப் பற்றியும் இல்லை. "அக்கா, ராத்திரி ரேடியோவைத் திருப்பினா சிலோன் ஸ்டேஷன் வருது. காலையில ஒன்பது மணிக்குக் காணாமப் போயிடுது. ஏன்?" என்று கேட்டாய். ஃபோனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதியே அனுப்புகிறேன். நாகப்பட்டினம், கோடியக்கரை, இராமேஸ்வரம், தூத்துக்குடி என்று கடலைப் பார்த்த ஊரில் இருக்கும் எந்தத் தம்பி தங்கைக்கும் இது உதவும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ரேடியோவை மாற்றாதே. வைக்கிற இடத்தை மாற்று, கேட்கிற நேரத்தை மாற்று, ஆன்டெனாவை மாற்று. அந்த மூன்றும் சரியான பிறகு கடைக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம்.

1. தூரக் கணக்கு போட்டுப் பார்

அம்மா காலத்தில் கேட்ட இலங்கை வானொலி சிற்றலையிலும் மத்திய அலையிலும் வந்தது. அந்த அலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டு மறுபடி தரைக்குத் திரும்பும். அதனால்தான் கொழும்பு நிகழ்ச்சி நம் ஊர் டீக்கடையில் கேட்டது. எஃப்.எம்., அதாவது பண்பலை, அப்படி இல்லை. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இந்த அலைகள் பெரும்பாலும் மேலடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். நமக்குக் கிடைப்பது கோபுரத்திலிருந்து ஏறக்குறைய நேர்கோட்டில் வருவது மட்டும்தான். பூமி வளைந்திருப்பதால் அந்தக் கோடு ஓர் இடத்தில் நின்றுவிடும்.

எங்கே நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கு. வருவது கிலோமீட்டர். உன் மாடி 10 மீட்டர் என்றால் 13 கி.மீ. இலங்கையின் வடக்கே கொக்காவிலில் 2011-இல் திறந்த ஒலிபரப்புக் கோபுரத்தின் உயரம் 174 மீட்டர். அதற்கு 54 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 67 கி.மீ. ஆனால் கொக்காவிலிலிருந்து வேதாரண்யம் சுமார் 140 கி.மீ. கணக்குப்படி அது உனக்குக் கேட்கவே கூடாது. பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கம் உனக்கு 65 முதல் 75 கி.மீ.தான். அங்கே உயரமான கோபுரம் ஏதாவது இருந்தால் அது எல்லைக்கோட்டில் நிற்கும். சாதாரண நாளிலும் மெலிதாக வரலாம்.

இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டால், எது தினமும் வர வேண்டிய ஸ்டேஷன், எது விருந்தாளி என்று உனக்கே தெரிந்துவிடும். உயரம் எவ்வளவு உதவும் என்பதற்குக் கொடைக்கானலைப் பார். 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிற மலையில் நிற்பதால்தான் கோடை பண்பலை 100.5 இத்தனை மாவட்டங்களில் கேட்கிறது. அந்த உயரத்துக்குக் கணக்கு 185 கி.மீ. தருகிறது.

2. வரும் இரவை முன்கூட்டியே கண்டுபிடி

கணக்கை மீறி ஸ்டேஷன் வருவதற்குக் காரணம் காற்று. சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். சில இரவுகளில் இது தலைகீழாகிவிடும். கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக் காற்றும், அதற்கு மேல் தரையிலிருந்து வந்த சூடான வறண்ட காற்றும் அடுக்காக நிற்கும். அந்த இரண்டும் சேரும் இடத்தில் ரேடியோ அலை கீழ்நோக்கி வளையும். தார்ச்சாலையில் கானல் நீர் தெரிவதும் காற்று அடுக்குகளில் ஏற்படும் வளைவால்தான். அங்கே வளைவது வெளிச்சம், இங்கே வானொலி அலை. அடுக்கு நீளமாக, கலையாமல் இருந்தால் அலை அதற்குள் சிக்கி, கடல் பரப்பை ஒட்டியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிடும். பொழுதுபோக்காகத் தொலைதூர ஸ்டேஷன்களைத் தேடுகிற டி.எக்ஸ். நேயர்கள் இதை "டிரோப்போ" என்பார்கள்.

டிரோப்போ வருவதற்கு முன் ஊரே சில அடையாளங்களைக் காட்டும்.

வானம் தெளிவாக இருக்கும், காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கும். சாயங்காலம் யாராவது குப்பை எரித்தால் புகை மேலே ஏறாமல் கூரை உயரத்தில் படுத்துப் பரவும். சூடான அடுக்கு மேலே மூடி போட்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ரேடியோவை மாடிக்குக் கொண்டுபோ.

மழையும் பலமான காற்றும் அடுக்கைக் கலைத்துவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதிர்பார்த்து உட்காராதே. மழை ஓய்ந்து, பாக் நீரிணை அமைதியாகிற மாசி, பங்குனி மாதங்கள் பழகுவதற்கு நல்ல காலம்.

நேரம் என்று பார்த்தால் சூரியன் மறைந்த பிறகு கூடிக்கொண்டே போய், விடியற்காலையிலும் சூரியன் உதித்த கொஞ்ச நேரத்திலும் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கலந்து அடுக்கு உடைந்துவிடும். உன் ஸ்டேஷன் ஒன்பது மணிக்குக் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இணையத்தில் டிரோப்போ முன்னறிவிப்பு வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் கடல் பகுதியில் நிறம் கூடியிருந்தால் அலாரம் வைத்துக்கொள். வரைபடம் சொன்னபடி எப்போதும் நடக்காது. அதைவிட நம்பகமானது ஒரு "காவல் ஸ்டேஷன்": சாதாரண நாளில் இரைச்சலோடு மெலிதாக வருகிற ஏதாவது ஓர் அக்கரை ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்தில் கேள். அது திடீரென்று தெளிவானால் கடல்வழி திறந்துவிட்டது.

3. ரேடியோவை எங்கே வைப்பது

உனக்கு வேண்டிய திசை தென்தென்கிழக்கு. வீட்டுக்குள் கேட்டால் அந்தப் பக்கத்து ஜன்னல் ஓரம் வை. கம்பி கிராதி போட்ட ஜன்னலும் தகரக் கூரையும் அலையை மறைக்கும். காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் அப்படித்தான். மாடிக்குப் போனாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

வேதாரண்யத்தில் உனக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. மலை இல்லை, உயரமான கட்டடக் கூட்டம் இல்லை. உப்பளமும் அதற்கு அப்பால் கடலும்தான். தனியார் எஃப்.எம். ஸ்டேஷன்கள் எல்லாம் பெரிய நகரங்களில் இருப்பதால் பக்கத்திலேயே நின்று அலறுகிற ஒலிபரப்பும் குறைவு. சென்னையில் இருக்கிற எனக்கு இந்த வசதி கிடையாது. இங்கே டயலைத் திருப்பினால் முக்கால்வாசி இடத்தை உள்ளூர் ஸ்டேஷன்களே பிடித்திருக்கும். யாழ்ப்பாணமோ சுமார் 380 கி.மீ. தள்ளி இருக்கிறது.

மாடியிலும் ஒரே இடத்தில் உட்காராதே. இந்த அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். தண்ணீர்த் தொட்டியிலும் கைப்பிடிச் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு சேர்ந்து சில இடங்களில் கூட்டும், சில இடங்களில் குறைக்கும். இரண்டு எட்டு நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். நல்ல இடம் கிடைத்ததும் சாக்பீஸால் கோடு போட்டு வை.

4. வீட்டு இரைச்சலை அணை

மெலிதான ஸ்டேஷனைக் கெடுப்பது பெரும்பாலும் நம் வீட்டுச் சாமான்களே. விலை குறைந்த எல்.இ.டி. பல்பு, செல்ஃபோன் சார்ஜர், இன்வெர்ட்டர், கேபிள் செட்டாப் பாக்ஸ், லேப்டாப் அடாப்டர் எல்லாமே ரேடியோவுக்குள் கரகரப்பை அனுப்பும். ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, வீட்டு ஸ்விட்ச்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார். எதை அணைத்ததும் கரகரப்பு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அதை மாற்று, இல்லையென்றால் கேட்கிற நேரத்தில் மட்டும் பிளக்கைப் பிடுங்கி வை.

ராத்திரி கரண்ட் போனால் திட்டாமல் ரேடியோவை எடுத்துக்கொண்டு ஓடு. தெரு முழுக்க அமைதியாக இருக்கிற அந்த அரை மணி நேரம் மாதிரி கேட்பதற்கு வேறு நேரம் கிடைக்காது.

5. கையில் இருக்கும் செட்டை முழுசாகப் பயன்படுத்து

செட்டில் இழுத்து நீட்டுகிற கம்பி இருந்தால் சுமார் 75 செ.மீ. வரை நீட்டு. 100 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளத்தில் கால் பங்கு அதுதான். நேராக நிறுத்து, படுக்க வை, சாய்த்துப் பார். ஒரு கோபுரம் படுக்கைவாட்டில் அனுப்பலாம், இன்னொன்று நெடுக்குவாட்டில் அனுப்பலாம், இரண்டும் கலந்தும் அனுப்பலாம். அதனால் ஒரே நிலையில் எல்லா ஸ்டேஷனும் நன்றாக வராது.

ஸ்டீரியோ, மோனோ ஸ்விட்ச் இருந்தால் மோனோவில் வை. ஸ்டீரியோவுக்குப் பலமான சிக்னல் வேண்டும். மெலிதான ஸ்டேஷனை மோனோவுக்கு மாற்றியதும் இரைச்சல் சட்டென்று இறங்கி, அறிவிப்பாளர் பேச்சு தனியாகத் தெரியும்.

தானாகத் தேடும் பட்டனை நம்பாதே. அது பலமான ஸ்டேஷனில் மட்டும்தான் நிற்கும். நமக்கு வேண்டியவற்றை எல்லாம் தாண்டிப் போய்விடும். கையால் 0.1, 0.1 ஆக நகர்த்து. ஒவ்வொரு எண்ணிலும் கொஞ்சம் காத்திரு, ஏனென்றால் சிக்னல் அலை மாதிரி ஏறி இறங்கும்.

செல்ஃபோனில் எஃப்.எம். இருந்தால் இயர்ஃபோன் வயர்தான் அதற்கு ஆன்டெனா. அதைச் சுருட்டி மடியில் போடாமல் நேராக மேலே தூக்கிக் கொடியில் மாட்டு. வயர் குத்தும் துளை இல்லாத புது ஃபோன்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

காரோடு யாராவது வந்தால் விடாதே. கார் ரேடியோக்கள் பொதுவாக நல்ல உணர்திறன் உள்ளவை, வெளியில் ஆன்டெனாவும் இருக்கிறது. கோடியக்கரைச் சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கேட்டுப் பார்.

செட் நல்லதா என்று சோதிக்க உன் ஊரிலேயே வழி இருக்கிறது. காரைக்கால் வானொலி 100.3, கோடை 100.5. ஒன்று வடக்கே 60 கி.மீ. சொச்சம், இன்னொன்று மேற்கே 250 கி.மீ.க்கு மேல். கோடை தலைகாட்டுகிற இரவில், காரைக்காலின் குரல் ஏறி விழாமல் அதைத் தனியாகக் கேட்க முடிந்தால் உன் செட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனைப் பிரிக்கிற திறன் இருக்கிறது. புதிதாக வாங்கத் தேவையில்லை.

6. ஓர் ஆன்டெனா செய்துகொள்

இது ஒரு மதிய வேலை. வேண்டியவை: கெட்டியான செம்புக் கம்பி அல்லது மெல்லிய அலுமினியக் குழாய், பழைய கேபிள் டி.வி. வயர், ஒரு மரக்குச்சி அல்லது பி.வி.சி. பைப்.

143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஆன்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 143 செ.மீ. அதை இரண்டாக வெட்டு, ஒவ்வொன்றும் 71 செ.மீ. சொச்சம். இரண்டு துண்டையும் ஒரே கோட்டில், நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு பைப்பில் கட்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கேபிள் வயரின் நடுக் கம்பியை ஒரு துண்டிலும், சுற்றியிருக்கும் வலையை இன்னொரு துண்டிலும் இறுக்கிச் சேர். டேப் சுற்றி மழைத் தண்ணீர் இறங்காமல் மூடு. கேபிள் டி.வி. வயரின் இம்பீடன்ஸ், அதாவது அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு, 75 ஓம். இந்த ஆன்டெனாவினுடையதும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் நடுவில் வேறு எதுவும் தேவையில்லை.

வயரின் மறுமுனை செட்டில் வெளி ஆன்டெனாத் துளை இருந்தால் அதில் போகும். துளை இல்லையென்றால் நடுக் கம்பியை மட்டும் செட்டின் நீட்டுக் கம்பியில் ஒரு கிளிப்பால் கவ்வ வை. முழு பலன் கிடைக்காது, ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

மாட்டும்போது ஒன்றை நினைவில் வை. இந்த ஆன்டெனா தன் அகலப் பக்கத்துக்குத்தான் கேட்கும், முனைகள் பார்க்கும் பக்கம் கேட்காது. உனக்குத் தென்தென்கிழக்கு வேண்டும் என்றால் கம்பி கிழக்கு வடகிழக்கிலிருந்து மேற்கு தென்மேற்காக நீள வேண்டும். ஃபோனில் இருக்கிற திசைகாட்டி போதும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிய வித்தை இல்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982-இல் தொடங்கியபோது தென்தமிழ்நாட்டுக் கடற்கரை வீடுகளில் உயரமான கம்பங்களில் டி.வி. ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தவர்கள் உண்டு. அந்தப் பழைய ஆன்டெனா யார் வீட்டிலாவது கிடந்தால் அப்படியே மாட்டிவிடாதே. டி.வி.யின் அலைநீளம் வேறு, அதனால் கம்பிகளின் நீளமும் வேறு. அலுமினியக் குழாய்களை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்.

7. உள்ளூர் ஸ்டேஷனை அடக்கும் வழி

எஃப்.எம்.முக்கு ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு ஸ்டேஷன் வந்தால் இரண்டும் கலந்து கேட்காது. பலமானது மெலிந்ததை முழுசாக அமுக்கிவிடும். இதனால்தான் டிரோப்போ இரவில் ஒரு பாட்டின் நடுவிலேயே ஊர் மாறிவிடுகிறது. மெலிந்தது கொஞ்சம் பலமாகி மற்றதைத் தாண்டிய நொடியில் அதன் குரல் தெளிவாக வந்துவிடும்.

இதை நமக்குச் சாதகமாக்கலாம். வேண்டாத ஸ்டேஷன் இருக்கிற திசைக்கு ஆன்டெனாவின் முனையைக் காட்டு. அது மெலிந்தால் போதும், அடியில் கிடந்தது மேலே வரும்.

ஆனால் உன் வீட்டுக்குக் காரைக்கால் வடக்கே, யாழ்ப்பாணம் தெற்கே. இந்த ஆன்டெனா முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி கேட்பதால் முனையைத் திருப்பி இவற்றைப் பிரிக்க முடியாது. அதற்கு ஒரு பின்கம்பி சேர். 150 செ.மீ. நீளத்தில் முழுசான ஓர் அலுமினியக் குழாயை, ஆன்டெனாவுக்கு 60 செ.மீ. பின்னால், அதாவது வடக்குப் பக்கம், இணையாகக் கட்டு. அதற்கு வயர் எதுவும் சேர்க்க வேண்டாம். பின்னாலிருந்து வருவது குறையும், முன்னாலிருந்து வருவது கூடும்.

8. சாதாரண நாளில் டயலை மனப்பாடம் செய்

விருந்தாளி வந்தது தெரிய வேண்டும் என்றால் வீட்டு ஆட்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். காற்றடிக்கிற ஒரு மதியம் 88-இல் தொடங்கி 108 வரை நடந்து, எந்த எண்ணில் என்ன வருகிறது, எங்கே வெறும் இரைச்சல் என்று நோட்டில் பட்டியல் போடு. பிறகு புகை படுத்துப் பரவுகிற இரவில் அதே நடையை நட. பட்டியலில் இரைச்சல் என்று எழுதிய எண்களில்தான் உன் வேட்டை.

91-க்குக் கீழே பொதுவாகக் காலியாக இருக்கும், ஆனால் சமூக வானொலிகள் அங்கே உட்கார்ந்திருக்கும். பாம்பன் மீனவர்களுக்காக நடக்கிற கடல் ஓசை 90.4 அப்படி ஒன்று. இவை சின்னப் பவரில் ஓடுபவை. உன் மாடியில் கடல் ஓசை கேட்டால் அதுவும் ஒரு நல்ல பிடிதான். வெளிநாடாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

9. கேட்டது எந்த ஊர் என்று உறுதி செய்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாட்டை வைத்து முடிவு செய்யாதே. இளையராஜா பாட்டு இரண்டு கரையிலும்தான் ஓடுகிறது.

பெயரை மட்டும் வைத்தும் முடிவு செய்யாதே. "சூரியன் எஃப்.எம்." என்று காதில் விழுந்தால் துள்ளிக் குதிக்காதே. தமிழ்நாட்டில் 93.5-இல் ஒரு சூரியன் இருக்கிறது, இலங்கையில் அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு சூரியன் இருக்கிறது. சக்தி, வெற்றி, வசந்தம், வர்ணம், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தென்றல் ஆகிய பெயர்கள் கேட்டால் அக்கரையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் உறுதி செய்துகொண்டு எழுது.

மணி சொல்வதும் உதவாது. இலங்கை 2006 ஏப்ரலிலிருந்து நம்முடைய நேரத்தையே வைத்திருக்கிறது.

உண்மையில் உதவுவது செய்தி. இந்தியாவில் தனியார் எஃப்.எம். ஸ்டேஷன்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மறு ஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். ஆகவே ஆகாசவாணி அல்லாத, விளம்பரமும் கலகலப்புமாகப் போகிற ஒரு தமிழ் ஸ்டேஷன் தானே செய்தி வாசித்தால் அது கடலுக்கு அந்தப் பக்கம்தான். செய்தியைத் தவறவிடாமல் இருக்க, மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னதாகவே தயாராகிவிடு.

விளம்பரங்களையும் கூர்ந்து கேள். இரண்டு பக்கமும் ரூபாய்தான், ஆனால் அக்கரையில் தொகை பெரிதாக இருக்கும். செல்ஃபோன் எண் 07-இல் தொடங்கினால் இலங்கை. வவுனியா, கிளிநொச்சி, மட்டக்களப்பு, மக்கள் வங்கி, மாகாண சபை என்பவை காதில் விழுந்தால் உறுதி. மரண அறிவித்தல் வரிசையாக வாசிப்பதும் அங்கத்து வழக்கம். நடுவில் சிங்களம் வந்தால் கேள்வியே இல்லை.

இன்னும் சந்தேகமா? அந்த ஸ்டேஷனின் இணைய ஒலிபரப்பை ஃபோனில் திற. இணையத்தில் வருவது பல நொடிகள் தாமதமாக வரும். ரேடியோவில் கேட்ட வரி கொஞ்சம் கழித்து ஃபோனிலும் வந்தால் முத்திரை குத்திவிடலாம்.

ஒரே நிகழ்ச்சி இரண்டு மூன்று எண்களில் கேட்டால் குழம்பாதே. அங்கே ஒரே ஸ்டேஷன் பல மலைகளிலும் கோபுரங்களிலும் வெவ்வேறு எண்களில் ஒலிபரப்பாகிறது. எந்த எண் எந்தக் கோபுரம் என்று பார்த்தால் அலை எவ்வளவு தூரம் வந்தது என்பதும் தெரியும். 2,524 மீட்டர் உயர பிதுருதலாகல மலையிலிருந்து வந்திருந்தால் அது யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததைவிடப் பல மடங்கு பெரிய பிடி.

10. நோட்டில் எழுது, ஸ்டேஷனுக்கும் எழுது

தேதி, நேரம், எண், கேட்ட விஷயம், வானிலை, ஆன்டெனா எந்தத் திசை: இந்த ஆறும் ஒரே வரியில் வரட்டும். "பாட்டு வந்தது" என்று எழுதாதே. எந்தப் பாட்டு, அறிவிப்பாளர் என்ன சொன்னார் என்று எழுது. ஃபோனில் ஒலிப்பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது.

ஸ்டேஷனுக்கு அறிக்கை அனுப்பலாம். குறைந்தது கால் மணி நேர நிகழ்ச்சி விவரத்தையும் சின்போ குறியீட்டையும் சேர். சிக்னலின் பலம், மற்ற ஸ்டேஷன் தொல்லை, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், ஐந்துதான் நல்லது. சர்வதேச நேரத்தில் எழுதச் சொன்னால் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக்கொள். சில ஸ்டேஷன்கள் நீ கேட்டதை உறுதி செய்து கியூ.எஸ்.எல். அட்டை அனுப்பும், சில பதிலே போடாது. கேட்டதில் பிடித்ததையும் இரண்டு வரி எழுது, அறிவிப்பாளர்களும் மனுஷங்கதானே.

11. இவற்றைச் செய்யாதே

இடி இடித்தால் மாடிக்குப் போகாதே. ஆன்டெனா வயரைச் செட்டிலிருந்து முன்கூட்டியே கழற்றி வை. கம்பத்தை மின்கம்பிக்குப் பக்கத்தில் எங்கேயும் கட்டாதே. கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியில் படாத தூரம் வேண்டும்.

கேபிள் டி.வி. பூஸ்டரை ஆன்டெனாவில் மாட்டாதே. அது எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். பக்கத்து ஸ்டேஷன் பலமாகி, இல்லாத எண்களில் எல்லாம் அதன் நிழல் விழும். நீ அதை வெளிநாடு என்று நம்பிவிடுவாய்.

இருட்டிய பிறகு தனியாகக் கடற்கரைக்குப் போகாதே. நம்முடையது காவல் நிறைந்த கரை. ரேடியோவும் கம்பமுமாக உட்கார்ந்திருந்தால் கடலோரக் காவலர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள். கேட்கிற கருவி மட்டும்தான் இருக்கிறது என்று மறைக்காமல் சொல், காட்டு. ஒலிபரப்பைக் கேட்பதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அனுப்புகிற கருவி வேறு விஷயம். உரிமம் இல்லாமல் எதையும் ஒலிபரப்புவது குற்றம். விளையாட்டுக்குக்கூட டிரான்ஸ்மிட்டர் கிட் வாங்காதே.

12. ஆசை அடங்கவில்லை என்றால்

இத்தனையும் செய்து, நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியும் ஆர்வம் குறையவில்லை என்றால் அப்போது செலவு செய். டி.எஸ்.பி. சிப் உள்ள சின்ன டெக்சன் மாதிரி ரேடியோ ஒரு வழி. இன்னொரு வழி, லேப்டாப்பில் குத்துகிற ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிள். பென் டிரைவ் அளவுதான் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அலைவரிசையைத் திரையில் படமாகக் காட்டும். எங்கே புதிதாக ஒரு முகடு எழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம், பதிவு செய்து மறுநாள் நிதானமாகவும் கேட்கலாம். லேப்டாப்பின் இரைச்சல் ஆன்டெனாவில் ஏறாமல் இருக்க டாங்கிளை ஒரு நீள யு.எஸ்.பி. வயரில் தள்ளி வை.

இந்த வாரத்து வேலை

மூன்றே மூன்று செய். ஒரு மதியம் 88-லிருந்து 108 வரை பட்டியல் போடு. வீட்டில் எந்த பல்பு கரகரக்கிறது என்று கண்டுபிடி. ஒரு காவல் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்து தினமும் தூங்கும் முன்னும் எழுந்த உடனும் இரண்டு நிமிடம் கேட்டு, பலத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடு. ஆன்டெனா அடுத்த வாரம் போதும். மதிப்பெண் ஏறிய நாட்களையும் அன்றைய வானத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த இரவில் மாடிக்குப் போக வேண்டும் என்று நீயே எனக்குச் சொல்ல ஆரம்பிப்பாய். நோட்டுப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பு; சந்தேகமான பிடிகளை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.